இனிப்பு நீர் வர்றதுக்கு முன்னாடி: வெறும் ஆப்பா, ஏஐ கோச்சா, ஆள் கோச்சா, கிளினிக்கா?

போன மாசம் ரெண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய என்கிட்ட கேட்டாங்க. ஒருத்தவங்க பினாங்கு பிறைல இருக்கற அக்கா, 52 வயசு, ரத்த ரிசல்ட்ல எச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூனு மாச ரத்தச் சீனியோட சராசரி) 6.0ன்னு வந்துருச்சு, மக செந்தூல்ல இருந்து வந்தப்ப போன்ல ஒரு ஆப் ஏத்திக் குடுத்து "மா சாப்பிடறத எல்லாம் இதுல போடுங்க"ன்னு சொல்லிட்டு திரும்பப் போயிட்டா, அக்கா மூனு நாள் போட்டாங்க, நாலாவது நாள்ல இருந்து ஆப் சும்மா கெடக்கு. இன்னொருத்தர் பாயான் லெப்பாஸ் பேக்டரில நைட் ஷிப்ட் பாக்கற தம்பி, 34 வயசு, 6.1, கம்பெனி ஆறு மாசத்துக்கு கோச்சோட ஒரு ப்ரோக்ராம் குடுக்குது, சேரலாமாக்கா, இல்ல ஏஐ கோச் ஆப் ஒன்னு மாசக் காசு கட்டி எடுக்கவான்னு கேட்டார்.

ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது, அதனாலதான் இத நீட்டி எழுதறேன். எனக்கும் இதே நம்பர் வந்துச்சு, 2021ல, 6.0. எங்கப்பாவுக்கு இனிப்பு நீர்ல கால் விரல் ரெண்டு எடுத்தத கூட இருந்து பாத்தவ நான். அதுக்கப்புறம் தனி ஆப், கிளினிக், கோச் மூனையும் ஒவ்வொன்னா பாத்துட்டேன்.

## மொதல்ல நம்பர சரியா புரிஞ்சுக்குங்க

நம்ம மலேசியா டாக்டருங்க வெச்சிருக்கற 2020 வழிகாட்டில எச்பிஏ1சி 5.7ல இருந்து 6.2 வரைக்கும் ப்ரீ டயபடீஸ், அதாவது இனிப்பு நீருக்கு முந்தின கட்டம், 6.3 வந்தா டயபடீஸ், இனிப்பு நீர் கணக்கு. அமெரிக்கால இந்தக் கோடு 6.5. வெளிநாட்டுல செஞ்ச ஆப் அந்த 6.5அதான் வெச்சிருக்கும், அப்ப 6.4 வந்த ஒருத்தர் ஆப்ப பாத்துட்டு "இன்னும் ப்ரீதான்"ன்னு நிம்மதியா இருப்பார், இங்க டாக்டர் கிட்ட போனா கதை வேற. எடையும் அப்படித்தான், ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோட சேத்துப் பாக்கற எடைக் கணக்கு) 23லயே கூடுதல்னு எடுப்பாங்க, வெளிநாட்டு ஆப் 25 வரைக்கும் பச்சை கலர் காட்டும். அதனால 6.3ஓ அதுக்கு மேலயோ வந்தவங்க இந்தக் கட்டுரைய மூடி வெச்சுட்டு நேரா டாக்டர பாருங்க. உடம்புல வேற அறிகுறி எதுவும் இல்லன்னா ஒரு ரிசல்ட்ட வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, ரெண்டாவது தடவையும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க.

இது சின்ன விஷயம் இல்ல. 2023 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காடு பேருக்கு டயபடீஸ், இனவாரியா பாத்தா நம்ம இந்தியர்கள்தான் முன்னாடி நிக்கறோம். ஆனா ப்ரீல இருக்கறப்ப பிடிச்சா திருப்ப முடியும். 2002ல வந்த அமெரிக்க டிபிபி (டயபடீஸ் தடுப்பு ப்ரோக்ராம்) ஆய்வு, 3,234 பேர், உணவையும் நடையையும் மாத்தினவங்களுக்கு டயபடீஸ் வர்றது 58 விழுக்காடு கொறஞ்சுச்சு, மெட்போர்மின் மாத்திரை எடுத்தவங்களுக்கு 31. அங்க வெச்ச இலக்கு ரெண்டே ரெண்டு: உடம்பு எடைல 7 விழுக்காடு கொறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கற மாதிரி உடம்ப ஆட்டணும். 80 கிலோ ஆளுக்கு 5.6 கிலோ. அவ்வளவுதான்.

ஆனா அந்த 58க்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு நெறைய பேர் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு கோச், மொத ஆறு மாசத்துலயே 16 வகுப்பு, அப்புறமும் விடாம தொடர்பு. "சீனிய கொறைங்க"ன்னு ஒரு பேப்பர் குடுத்து வீட்டுக்கு அனுப்பல. இப்ப போன்ல வர்ற ப்ரோக்ராம் எல்லாம் அந்த வேலைய எப்படி மலிவா, நெறைய பேருக்கு குடுக்கறதுன்னு பாக்கற முயற்சிதான். சிலது அந்த வேலைய உண்மையிலேயே செய்யுது, சிலது வெறும் கால்குலேட்டர்.

## எத வெச்சு ஒப்பிடறது

ஆப் கடைல போய் நட்சத்திரத்தப் பாத்து தேர்ந்தெடுக்காதீங்க. நான் பாக்கற விஷயம் இது.

இலக்க சின்னதா ஒடச்சுக் குடுக்குதா? "எடைய கொறைங்க" இலக்கு இல்ல. "செவ்வாய், வியாழன், சனி சாயந்தரம் 6 மணிக்கு யூத் பார்க்ல அரை மணி நேரம்", அது இலக்கு.

எழுதி வைக்கறது சுலபமா? தன்னைத் தானே கவனிச்சு எழுதறது பழக்கம் மாத்தறதுல ரொம்ப பலமான வழின்னு 2009ல 122 சோதனைகள சேத்துப் பாத்த ஒரு அலசல் சொல்லுச்சு. ஆனா அதுலயே இன்னொரு பாதி இருக்கு: தனியா எழுதறத விட, எழுதறதோட இலக்கு வைக்கறது, யாராவது திருப்பி பதில் சொல்றது, இலக்க மறுபடி சரி பண்றது இதுல ஒன்னாவது சேந்தாதான் நல்லா வேலை செஞ்சுச்சு. அதனால மூனாவது கேள்வி, நீங்க எழுதினத யாராவது, இல்ல ஏதாவது, படிச்சு பதில் சொல்லுதா?

நாலாவதுதான் எனக்கு பெருசு. சறுக்கற வாரத்துல என்ன நடக்கும்? தீபாவளி, கல்யாணம், புள்ளைக்கு காய்ச்சல், ஓவர்டைம். எல்லாரும் சறுக்குவோம், மூனு மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது. அப்ப உங்கள கூப்பிட்டு "என்ன நடந்துச்சு, அடுத்த தடவ என்ன செய்வீங்க"ன்னு கேக்கற ஏற்பாடு இருக்கா, இல்ல சிவப்பு கலர்ல ஒரு வட்டம் மட்டும் வருமா?

அப்புறம் பாஷை, சமையல், காசு, எத்தன மாசம். இதுல பாதி விஷயத்த டேபிள்லயே சொல்லிட்டு போயிடறேன், பேச ரொம்ப இல்ல.

| | கைக்காசு | மறைஞ்ச செலவு | சறுக்கினா | தமிழ் / நம்ம சாப்பாடு |
|---|---|---|---|---|
| தனி ஆப் | இலவசம் இல்ல மாசக் கட்டணம் | தானா புதுப்பிக்கற சந்தா, தினமும் எழுதற நேரம் | யாரும் கேக்க மாட்டாங்க | பெரும்பாலும் இல்ல |
| ஏஐ கோச் | பெரும்பாலும் மாசக் கட்டணம் | தராசு, வாட்ச், உங்க தகவல் | மெசேஜ் வரும், நோட்டிபிகேஷன அடைச்சா அதுவும் இல்ல | ஆப்புக்கு ஆப் மாறும் |
| ஆள் கோச் | கம்பெனி குடுத்தா இலவசம், தனியா எடுத்தா கூடுதல் | கோச் மாறுவாங்க, ஒப்பந்தம் முடியும் | ஒரு மனுஷன் கேப்பார் | கோச்ச பொறுத்து |
| கிளினிக் + வாட்ஸ்அப் | 1 வெள்ளி (ரிங்கிட்) | அரை நாள் லீவு, காத்திருப்பு, குழுவுல தப்பு மெசேஜ் | கூட்டாளிங்க கேப்பாங்க | இருக்கு |

## தனி ஆப்: எழுதறதுக்கு நல்லது, அதுக்கு மேல ஆள் வேணும்

நான் ஆரம்பிச்சது இதுலதான். 11 வாரம் ஒழுங்கா போச்சு, காலடி கணக்கு, சாப்பாடு எல்லாம் பதிஞ்சேன், 2 கிலோ கொறஞ்சுச்சு. தீபாவளி வாரம் வந்துச்சு, மூனு நாள் எழுதல, நாலாவது நாள் தொறந்தா "தொடர் முறிந்தது"ன்னு காட்டுச்சு, அந்த ஒரு வரிய பாத்ததும் மனசு விட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஆப்ப தொறக்கவே இல்ல. என் தப்பா ஆப் தப்பான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், இப்ப எனக்குத் தெளிவு இருக்கு: முறிஞ்ச தொடர காட்டற ஆப், அத எப்படி மறுபடி கட்டறதுன்னு ஒரு வார்த்தையும் சொல்லலன்னா, அது பாதி வேலைதான் செஞ்சிருக்கு.

இன்னொரு பிரச்சனை சாப்பாடு. நாசி கண்டார் சோத்துல குழம்ப பஞ்சிர் பண்ணி, வெள்ளமா ஊத்தினத எந்த ஆப்புல எப்படி எழுதுவீங்க? "சிக்கன் கறி, ஒரு கப்"ன்னு போட்டா நாலு கறி கலந்து சோத்த முழுக்க நனைச்ச கணக்கு வருமா? தே தாரிக்க (பால் டீ) கூராங் மானிஸ், இனிப்பு கம்மின்னு சொல்லி வாங்கினாலும் இனிப்பே கெட்டிப் பால்ல இருந்துதான் வருது, கொஞ்சம் கொறையும், இல்லாம போகாது, சீனி வேணாம்னா பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான். இத ஆப்புக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். அக்கா மூனு நாள்ல விட்டதுக்கும் இதுதான் காரணம், அவங்க வெக்கற கீரைக் கூட்டு, கருவாட்டுக் குழம்பு எதுவும் தேடினா வரல, வந்ததுலயும் எது சரின்னு தெரியல, அதுவும் எல்லாம் இங்கிலீஷ்ல. அதுக்கு அவங்கள சோம்பேறின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஒரு வழி இருக்கு, கலோரிய விட்டுடுங்க. நம்ம சுகாதார அமைச்சு சொல்ற சுக்கு சுக்கு செபாரு தட்ட எடுத்துக்குங்க: தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறி பழம். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அவ்வளவுதான் பதிவு. ராத்திரி நாலு போட்டோவ பாத்தா எந்தத் தட்டுல பாதி காய் இல்லன்னு கண்ணே சொல்லிடும்.

தனி ஆப் யாருக்குப் போதும்னா, ஏற்கனவே நோட்டுல வரவு செலவு எழுதற பழக்கம் உள்ளவங்க, சமையல் தன் கைல இருக்கறவங்க, முன்னாடி ஒரு தடவ சொந்தமா ஒரு பழக்கத்த விட்டவங்க, உதாரணத்துக்கு சிகரெட். மத்தவங்களுக்கு இது துணைக்கருவி மட்டும். காசு கட்டற மாதிரி இருந்தா இலவச நாள் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல அலாரம் வெச்சுக்குங்க, வருஷக் கட்டணம் தானா எடுத்துட்டு போனவங்கள எனக்குத் தெரியும்.

## மெசேஜ் அனுப்பற ஆப், ஏஐ கோச்: நான் நெனச்சத விட நல்லா வேலை செய்யுது

இதப் பத்தி எனக்கு முன்னாடி நல்ல அபிப்பிராயம் இல்ல. மெஷின் எப்படி மனச மாத்தும்னு நெனச்சேன். ரெண்டு ஆய்வு என் எண்ணத்த மாத்துச்சு.

ஒன்னு, தமிழ்நாட்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013ல வெளியிட்டது. ப்ரீல இருக்கற 537 ஆம்பளைங்க, தென்கிழக்கு இந்தியால வேலை செய்றவங்க. எல்லாருக்கும் ஆரம்பத்துல அறிவுரை குடுத்தாங்க, பாதி பேருக்கு மட்டும் அதுக்கப்புறம் சாதா எஸ்எம்எஸ், அதுவும் அந்த ஆள் மாறத் தயாரா, யோசிச்சுட்டு இருக்காரா, ஏற்கனவே ஆரம்பிச்சுட்டாரான்னு பாத்து அதுக்கேத்த மாதிரி. ரெண்டு வருஷத்துல எஸ்எம்எஸ் வாங்காதவங்கள்ல 27 விழுக்காடு பேருக்கு டயபடீஸ் வந்துச்சு, வாங்கினவங்கள்ல 18. ஸ்மார்ட் போன் கூட வேணாம், வெறும் எஸ்எம்எஸ்! நம்ம ரத்தம், நம்ம சோறு சாப்பிடற ஆளுங்க, அதனால இந்த ஆய்வு எனக்கு அமெரிக்க ஆய்வ விட பக்கத்துல படுது. ஆனா நல்லா கவனிங்க, எல்லாருக்கும் ஒரே "காலை வணக்கம், தண்ணி குடிங்க" மெசேஜ் போடல.

ரெண்டாவது 2025 அக்டோபர்ல ஜாமா இதழ்ல வந்தது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆளுங்க பண்ணினது. 368 பேர், பாதி பேர் முழுக்க ஏஐ நடத்தற ஆப்ல, பாதி பேர் மனுஷ கோச் நடத்தற ப்ரோக்ராம்ல. ஒரு வருஷம் கழிச்சு இலக்க தொட்டவங்க ஏஐ பக்கம் 31.7 விழுக்காடு, மனுஷங்க பக்கம் 31.9. சமம்னே சொல்லலாம். இத படிச்சுட்டு மனுஷ கோச் தேவையே இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த பாக்கணும். மனுஷங்க பக்கம் இருந்தது தூரத்துல இருந்து நடத்தற குழு வகுப்பு, பழைய டிபிபி மாதிரி ஆளுக்கு ஒரு கோச் கெடையாது. அடுத்தது, ரெண்டு பக்கமும் மூனுல ரெண்டு பேர் இலக்க தொடல. எத எடுத்தாலும் சுலபம் இல்லங்கறத அந்த நம்பர் நேர்மையா சொல்லுது.

ஏஐ கோச்சோட பலம் ஆரம்பிக்கறதுல இருக்கு. வகுப்பு நேரம் பாக்க வேணாம், ராத்திரி 3 மணிக்கும் பதில் வரும், பழகாத ஆள் கிட்ட எடைய சொல்ற வெக்கம் இல்ல. ஷிப்ட் வேலைக்கு இது பெரிய விஷயம். பலவீனம் என்னன்னா, நோட்டிபிகேஷன ஒரு விரல்ல அடைச்சுடலாம். மனுஷனா இருந்தா அடைக்கறப்ப ஒரு சங்கடம் வரும், அந்தச் சங்கடம்தான் பல நாள் நம்மள நடக்க வெக்கும். அப்புறம் வீட்டு நெலம அதுக்குத் தெரியாது. மாமியார் வீட்டுல ஆக்கறாங்க, நான் தனியா ஓட்ஸ் கிண்டிக்க முடியாதுன்னு சொன்னா எல்லா ஏஐயும் "குடும்பத்தோட மனம் விட்டுப் பேசுங்க"ன்னு சொல்லும்னு நெனைக்கறேன், எப்படிப் பேசறதுன்னு நம்மள மாதிரி குடும்பத்துல வளந்தவங்கதான் சொல்ல முடியும்.

மாத்திரை விஷயமா மட்டும் ஏஐ சொல்றத வெச்சு எதையும் மாத்தாதீங்க, நிறுத்தாதீங்க. அது டாக்டர் கிட்ட.

## ஆள் கோச்: சறுக்கற வாரத்துக்குத்தான் காசு

எனக்கு வேலை இடத்துல ஆறு மாசம் கெடச்சுச்சு. மொத ரெண்டு மாசம் ஒரு டயட்டிஷியன், தமிழ் தெரிஞ்ச பொண்ணு, வாரத்துக்கு ஒரு தடவ 20 நிமிஷம் பேசுவா. அவ செஞ்ச ஒரு விஷயத்த சொல்றேன், இதுதான் இந்தக் கட்டுரைலயே முக்கியமான பகுதின்னு நெனைக்கறேன்.

நான் தைப்பூசத்துக்கு மூனு வாரம் விரதம் இருந்து ஒழுங்கா காய்கறி சாப்பிட்டுட்டு, முடிஞ்ச மறுநாள்ல இருந்து பழையபடி ஆயிட்டேன், பத்து நாள் எடைய பாக்கவே இல்ல. அந்த டயட்டிஷியன் போன் பண்ணினப்ப பொய் சொல்லத்தான் நெனச்சேன். அவ எடைய கேக்கவே இல்ல. "விரதத்துல எது ரொம்ப சுலபமா இருந்துச்சு, அண்ணி?"ன்னு கேட்டா. யோசிச்சுப் பாத்தேன், வீட்டுல எல்லாரும் ஒன்னா அதே சாப்பாட சாப்பிட்டோம், அதான் சுலபம். "எது கஷ்டமாச்சு?" சாயந்தரம் 5 மணி, வேலை விட்டு வர்ற வழில மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), பசி, கூட்டாளிங்க. அப்ப அவ எழுத வெச்சது ஒரே ஒரு வரி: "வேலை முடிஞ்சு பசிச்சா, கார்ல வெச்ச கச்சான் (கடலை) ஒரு கைப்பிடி சாப்பிட்டுட்டுதான் கடைல உக்காருவேன், தே ஓ கோசோங் சொல்வேன்." இப்படி நடந்தா இப்படிச் செய்வேன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெக்கற வழி இது. கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா என்னோட இடம், என்னோட நேரம், என்னோட பசிய வெச்சு தெச்ச சட்டை மாதிரி அது, அதனால எனக்குப் பொருந்துச்சு. அடுத்த ரெண்டு மாசத்துல மாமாக் கடைல ரொட்டி சானாய் சாப்பிட்டது மூனே தடவ.

மூனாவது மாசம் அந்தப் பொண்ணு வேற வேலைக்குப் போயிட்டா. புதுசா வந்தவர் நல்லவர்தான், ஆனா மறுபடி மொதல்ல இருந்து "உங்க இலக்கு என்ன"ன்னு ஆரம்பிச்சார், அப்புறம் மெசேஜ் எல்லாம் வெட்டி ஒட்டின மாதிரி வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுச்சு, ஆள் கோச்னு பேர் இருந்தா மட்டும் பத்தாது. தகவல் குடுக்கறதுல எல்லா ப்ரோக்ராமும் கெட்டி, எந்த பழத்துல எவ்வளவு சீனின்னு பத்து வீடியோ இருக்கும். பிரச்சனைய கூட உக்காந்து அவுக்கறது, இலக்க திருத்தறது, இதுலதான் பல இடத்துல கை சுருங்குது, ஏன்னா அதுக்கு ஆளோட நேரம் வேணும், நேரம்னா காசு.

கம்பெனி குடுக்கற ப்ரோக்ராம்ல இன்னொரு கேள்வி கேட்டே ஆகணும்: என் ரிசல்ட்ட முதலாளி பாப்பாரா? நம்ம நாட்டு 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல உடல்நிலை விவரம் முக்கியமான, தனி அனுமதி வாங்க வேண்டிய தகவல். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, பேர் போட்டு அனுப்பறாங்களா, மொத்தக் கணக்கா மட்டும் அனுப்பறாங்களான்னு எச்ஆர் கிட்ட எழுத்துல கேளுங்க. கேக்கறது உங்க உரிமை, தயங்காதீங்க.

முன்னாடி ரெண்டு தடவ ஆரம்பிச்சு விட்டவங்க, வீட்டுல சமையல் தன் கைல இல்லாதவங்க, மன அழுத்தத்துல சாப்பிடறவங்க, இவங்களுக்கு நான் ஆள் கோச்சதான் சொல்வேன். காசு கட்டற நெலம இருந்தா ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டாம மாசம் மாசமா கட்டுங்க.

## கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்), கூட ஒரு வாட்ஸ்அப் குழு

இத டிஜிட்டல்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பினாங்குல எனக்குத் தெரிஞ்ச அம்மாமாருக்கு இதுதான் நல்லா ஓடுது. குடிமக்களுக்கு பதிவு 1 வெள்ளி, ரத்தம் எடுப்பாங்க, மிஸ்ஸி (நர்ஸ்) பேசுவாங்க, தேவைன்னா டயட்டிஷியன் கிட்ட அனுப்புவாங்க, அவங்க எல்லா கிளினிக்லயும் தினம் இருக்க மாட்டாங்க, தேதி குடுப்பாங்க. பி40 (வருமானம் கொறஞ்ச) குடும்பம், 40 வயசு ஆயிடுச்சுன்னா பெக்கா பி40 அரசாங்கத் திட்டத்துல இலவச பரிசோதனை இருக்கு, பெர்க்கேசோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டறவங்களுக்கும் 40க்கு மேல பரிசோதனை இருக்கு, இது ரெண்டையும் விட்டுட்டு தனியார்ல காசு கட்டறவங்க ரொம்ப பேர்.

கிளினிக்கோட குறை இடைவெளி. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல மூனு மாசமோ ஆறு மாசமோ போயிடும், பழக்கம் மாறறதும் கெடறதும் அந்த நடுவுலதான். அந்த இடைவெளிய அடைக்கத்தான் வாட்ஸ்அப். எங்க ஏரியால ஆறு பேர் குழு, பொட்டானிக் கார்டன்ல சனி, ஞாயிறு காலைல நடை, மத்த நாள் அவங்கவங்க தட்டு போட்டோ. யாராவது ரெண்டு நாள் போட்டோ போடலன்னா ஒருத்தர் போன் பண்ணுவார், மெசேஜ் இல்ல, போன். அதுதான் எங்க கோச்.

ஆறு பேருக்கு மேல சேக்காதீங்க. நாங்க ஒரு தடவ 40 பேர் குழு வெச்சோம், ரெண்டு வாரத்துல பாகற்காய் ஜூஸ் குடிச்சா மாத்திரை வேணாம்னு பார்வேர்ட் வர ஆரம்பிச்சுச்சு, அத நம்பி ஒரு ஆண்ட்டி மருந்த நிறுத்திட்டாங்க, மக பாத்து திட்டி மறுபடி ஆரம்பிக்க வெச்சா. அன்னைக்கே அந்தக் குழுவ மூடினோம். இப்ப விதி ஒன்னுதான்: மருந்தப் பத்தி பேச்சு கூடாது, எடைய ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிடக் கூடாது.

பாஷை தெரிஞ்ச, பக்கத்துல இருக்கற கூட்டம் இருந்தா இது மத்த எல்லாத்தயும் விட நீடிக்கும், ஏன்னா ஒப்பந்தம் முடியறதுன்னு ஒன்னு இல்ல. தனியா வாடகைல இருக்கற இளவட்டத்துக்கும் ஷிப்ட் மாறிட்டே இருக்கறவங்களுக்கும் இது அமையறது கஷ்டம்.

கைல ஒட்டி ரத்தச் சீனிய பாக்கற சென்சார் பத்தியும் கேக்கறாங்க. ஒன்னு பெரும்பாலும் ரெண்டு வாரம் வரைக்கும் வரும். எந்த சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுதுன்னு ஒரு தடவ கண்ணால பாக்க நல்லது, ஆனா அது காட்டும், மாத்தாது. ப்ரீல இருக்கறவங்க மாசா மாசம் அதுல காச போடறத விட அந்தக் காசுல நல்ல ஷூ வாங்கலாம்.

## ரெண்டு பேருக்கும் நான் சொன்னது

அக்காவுக்கு: ஆப்ப எடுத்துடுங்க, மக கிட்ட நான் பேசறேன். போன்ல கேமரா போதும். கிளினிக்ல டயட்டிஷியன் தேதி வாங்குங்க, போறப்ப ஒரு வாரத் தட்டு போட்டோவ காட்டுங்க, அவங்களுக்கு அதவிட நல்ல பதிவு கெடைக்காது. கோயில்ல கூட வர்ற ரெண்டு பேர சேத்து மூனு பேர் குழு. மகளுக்கும் ஒரு வேலை குடுத்திருக்கேன், தெனம் ராத்திரி அம்மாவோட போட்டோவுக்கு ஒரு வரி பதில், திட்டாம.

தம்பிக்கு: கம்பெனி ப்ரோக்ராம்ல சேருங்க, ஆறு மாசம் இலவசமா ஒரு ஆள் கெடைக்கறது சும்மா இல்ல. ஆனா சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. ஒரே கோச் கடைசி வரைக்கும் இருப்பாரா? நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்கறவனுக்கு எப்ப பேசுவாங்க? ஒரு வாரம் நான் எதுவும் எழுதலன்னா நீங்க என்ன செய்வீங்க? ஆறு மாசம் முடிஞ்சப்புறம் என்ன? மூனாவது கேள்விக்கு "ஆப் ஞாபகப்படுத்தும்"னு மட்டும் பதில் வந்தா, அது ஆள் கோச் இல்ல, அப்ப நீங்க கேட்ட ஏஐ ஆப்பும் இதுவும் ஒன்னுதான், ராத்திரி 3 மணி பிரேக்குக்கு ஏஐயே வசதி.

அவர் கேட்டுட்டு வந்தார். கோச் மாற வாய்ப்பு இருக்கு, ஒரு வாரம் சத்தம் இல்லன்னா போன் பண்ணுவாங்களாம், ரிசல்ட் கம்பெனிக்கு மொத்தக் கணக்காதான் போகுமாம், எழுத்துல குடுத்திருக்காங்க. சேந்துட்டார். மொத வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு வெச்சிருக்கார்: 3 மணி பிரேக்ல கேண்டீன்ல மீ கோரெங் மட்டும் இருந்தா பாதி வாங்கி ரெண்டு அவிச்ச முட்டை சேத்துக்குவார், முட்டைய வீட்டுல இருந்து எடுத்துட்டு போவார். ரெண்டு பேரும் மூனு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கறாங்க, எச்பிஏ1சி அதுக்கு முன்னாடி எடுத்தா மாத்தம் முழுசா தெரியாது, தேதிய ரெண்டு பேரோட காலண்டர்லயும் இப்பவே போட வெச்சுட்டேன்.